அடித்தெழுதிய ஒரு சொல்

சென்னைப் பல்கலைக்கழகம் ஏ. லலிதாவுக்கு வழங்கிய பொறியியல் பட்டச் சான்றிதழில் ஒரு சொல் அடிக்கப்பட்டிருந்தது. ‘ஹீ’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்ததைக் கோடு போட்டுத் தள்ளிவிட்டு ‘ஷீ’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். கிண்டி பொறியியற் கல்லூரியில் படித்து முடிப்பவர் ஒரு பெண்ணாக இருக்கக்கூடும் என்பது, அந்தத் தாளை அச்சுக்குக் கொடுத்தபோது யாருக்கும் தோன்றவில்லை. தமிழில் எழுதியிருந்தால் ‘அவர்’ என்ற ஒரே சொல் இருபாலாருக்கும் பொருந்தியிருக்கும். பேனாவைத் தொட வேண்டியிருந்திருக்காது. ஆனால் சொல் பொருந்தியிருந்தாலும் கல்லூரி பொருந்தியிருக்காது. விடுதி முதல் பட்டறை வரை எல்லாமே ஆண்களை மனத்தில் வைத்து அமைத்தவை.

1857இல் தோன்றிய இந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் நூறு ஆண்டுகளுக்குள் அதன் கல்லூரிகளுக்கு வந்த சில பெண்களைப் பற்றியது இந்த உரை. ‘முதல் பெண்’ என்று சூட்டிவிட்டு நகர்ந்துவிடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அப்படிச் சூட்டியதோடு, அவர் எப்படி உள்ளே வந்தார், உடன் யார் வந்தார்கள், வந்தபின் பல்கலைக்கழகம் அவரை எப்படி நடத்தியது என்ற கேள்விகள் எழாமலே போய்விடுகின்றன. அடித்தெழுதிய அந்தச் சொல் இந்தக் கேள்விகளையெல்லாம் எழுப்புகிறது.

லலிதாவுக்குப் பதினைந்து வயதில் திருமணம். பதினெட்டு வயதில் கணவரை இழந்தார். கையில் நான்கு மாதப் பெண் குழந்தை, சியாமளா. மூலையில் உட்காரவைக்கும் வழக்கம் அழியாத காலம் அது. தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டி கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர், மகளைப் படிக்கவைத்தார். ராணி மேரிக் கல்லூரியில் இன்டர்மீடியட்டை முதல் வகுப்பில் முடித்த லலிதா, மருத்துவம் வேண்டாம் என்று தானே முடிவு செய்தார். மருத்துவர் என்றால் நடுராத்திரியில் அழைப்பு வரும், குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். பகலில் போய் மாலையில் திரும்பும் வேலை வேண்டும். அதற்குத் தகுந்த படிப்பு பொறியியல். இந்தியப் பெண்களின் பொறியியல் வரலாறு இப்படி ஓர் இளம் தாயின் வீட்டுக் கணக்கிலிருந்து தொடங்கியிருப்பது நின்று நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி.

முதல்வர் கே.சி. சாக்கோவின் இசைவோடு 1940இல் இடம் கிடைத்தது. நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண். குழந்தையை அருகிலிருந்த உறவினர் வீட்டில் விட்டு விடுதியில் தங்கினார். வாரக் கடைசியில் போய்ப் பார்த்து வருவார். வகுப்பில் யாரும் தொல்லை கொடுக்கவில்லை. ஆனால் மாலையில் விடுதிக்குத் திரும்பினால் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. அந்தத் தனிமையைப் போக்க, பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் செய்யப்பட்டது. லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். இருவரும் லலிதாவுக்கு ஓராண்டு இளையவர்கள். போர்க்காலத்தில் படிப்புக் காலம் குறைக்கப்பட்டதால் மூவரும் ஒன்றாகவே பட்டம் பெற்று வெளியே வந்தார்கள்.

இங்கேதான் ‘முதல்’ என்ற சொல்லின் போதாமை தெரிகிறது. ஒருத்தி வந்தது விதிவிலக்கு. அடுத்த இருவருக்காகக் கல்லூரி விளம்பரம் செய்தது மாற்றம். திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தியாவில் அந்தப் பதவியை எட்டிய முதல் பெண் அவர். லீலம்மாவின் பெயரோ, லலிதாவைப் பற்றிய கட்டுரைகளில் ஒரு வரியாக மட்டும் வந்து போகிறது.

லலிதா ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சியை முடித்தார். சிம்லாவில் அரசு வேலை பார்த்தார். புகையில்லா அடுப்பும் மின்சார இசைக்கருவியும் செய்துகொண்டிருந்த தந்தையின் ஆராய்ச்சிக்குச் சில காலம் கைகொடுத்தார். பிறகு கல்கத்தாவில் ஏ.இ.ஐ. என்ற மின்கருவி நிறுவனத்தில் நிலைத்தார். மின்தடங்கள், துணை மின்நிலைய அமைப்பு, பாதுகாப்புக் கருவிகள் ஆகியவற்றை வடிவமைப்பது அவர் பணி. பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகளுக்கான வேலையிலும் அவர் பங்கு உண்டு. 1964இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாடு நடந்தபோது, தனிப்பட்ட முறையில் போய்க் கலந்துகொண்டார். கணவரை இழந்த பெண்ணுக்கு ஊர் வைத்திருந்த விதி ஒன்று. தன் அறுபது வயது வாழ்க்கையில் அவர் எழுதிக்கொண்டது வேறொன்று.

கிண்டிக்கு அறுபத்தைந்து ஆண்டுகள் முன்னால், சென்னை மருத்துவக் கல்லூரிக் கதவைத் தட்டியவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. சென்னையில் வழக்கறிஞராக இருந்த வில்லியம் ஷார்லீப்பின் மனைவி மேரி. பிரசவத்தில் பெண்கள் படும் பாட்டைக் கண்டவர். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்பதற்காகச் சாகவிடப்பட்ட பெண்கள் இந்து வீடுகளிலும் இருந்தார்கள், முஸ்லிம் வீடுகளிலும் இருந்தார்கள். சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபர் ஆதரவு தர, 1875இல் மேரி ஷார்லீப்பும் வேறு மூன்று பெண்களும் சேர்க்கப்பட்டார்கள். லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர முடிவு செய்ததே 1878இல்தான். சென்னையின் வகுப்பறை அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே திறந்துவிட்டது.

ஆனால் அன்று கிடைத்தது பல்கலைக்கழகப் பட்டம் அல்ல, மூன்றாண்டுப் படிப்புக்கான சான்றுதான். ஷார்லீப் அதை முடித்துக்கொண்டு லண்டன் போய் 1882இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பட்டத்தோடு சென்னைக்கே திரும்பி வந்து, 1885இல் ‘சாதி, கோஷாப் பெண்களுக்கான’ (கோஷா என்றால் திரைமறைவில் வாழ்பவர்) விக்டோரியா மருத்துவமனையைத் தொடங்கினார். திருவல்லிக்கேணியில் அது இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. பெயர்ப்பலகை மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், ஆட்டோக்காரரிடம் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றால் போதும், கொண்டுபோய் விடுவார்.

1878இல் அதே கல்லூரியில் சேர்ந்த கிருபாபாய்க்கு உடல்நலம் இடங்கொடுக்கவில்லை, படிப்பு நின்றது. ‘சகுணா’, ‘கமலா’ என்று ஆங்கிலத்தில் இரண்டு நாவல்கள் எழுதிவிட்டு 1894இல் மறைந்தார். பட்டம் பெறாமல் திரும்பிப் போனவர்களையும் ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் சேர்க்க வேண்டும் என்பதற்கு அவர் நல்ல சாட்சி.

புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. அங்கே முதல்வராக இருந்த நாராயணசாமி ஐயரின் மகள் முத்துலட்சுமி. தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலம். பெண் என்பதோடு தாயின் பிறப்பையும் காரணம் காட்டி எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கொள்ளச் சொன்ன பிறகே கல்லூரியில் இடம் கிடைத்தது. வகுப்பில் பையன்களுக்கும் அவருக்கும் நடுவே ஒரு திரை. பாடம் திரையைத் தாண்டி வரும், பார்வை வரக்கூடாது.

அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தவர் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தார், 1912இல் பட்டம் பெற்றார். 1926 இறுதியில் சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டு அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து அவர் அங்கே தொடங்கிய போராட்டம் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் போய் முடிந்தது. அந்த வழக்கத்திலிருந்து தப்பி வந்த பெண்களுக்குத் தங்க இடமில்லை என்றபோது 1930இல் ஔவை இல்லம் பிறந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனை, 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு ஒரு புற்றுநோய் மருத்துவமனையாக உருவெடுத்தது.

அடுத்த ஆண்டே அங்கே ஓர் இளம் மருத்துவர் வந்து சேர்ந்தார். அவரும் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்: 1949இல் எம்.பி.பி.எஸ்., 1955இல் எம்.டி. அரசு வேலை கையில் இருந்தும் அதை விட்டுவிட்டு அந்தச் சிறு மருத்துவமனைக்குப் போனார். அவர்தான் வி. சாந்தா. மருத்துவமனை வளாகத்திலேயே குடியிருந்து, 2021 ஜனவரியில் இறக்கும்வரை அதைவிட்டு அவர் விலகவில்லை. 1875இல் நால்வர் நுழைந்த கல்லூரி வாசலிலிருந்து அடையாற்று நோயாளியின் கட்டில் வரை, கையிலிருந்து கைக்கு மாறி வந்த ஒரு பணி இது. ஷார்லீப்பின் பெயர் அடையாற்றில் நினைக்கப்படுகிறதோ இல்லையோ, தொடர்ச்சி அங்கே இருக்கிறது.

சகோதரி சுப்பலட்சுமியின் பட்டமும் ஏறத்தாழ முத்துலட்சுமி பட்டம் பெற்ற காலம்தான்: 1911, மாநிலக் கல்லூரி. சிறுமியாகத் திருமணமாகி, விவரம் தெரியுமுன்னே விதவையானவர். மறு ஆண்டே எழும்பூரில் தந்தை வீட்டில் நான்கு இளம் விதவைகளைச் சேர்த்து வைத்துப் படிக்கவைக்கத் தொடங்கினார். எண்ணிக்கை பெருகி, பிற்பாடு கடற்கரையில் ஐஸ் ஹவுஸுக்குக் குடிபோனது அந்த விடுதி. ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைப் பாதுகாத்த கட்டடத்தில், உலகத்திலிருந்து ஒளித்துவைக்கப்பட்ட பெண்கள் பாடம் படித்தார்கள். அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டுமானது என்பதையும் சொல்லியாக வேண்டும். உதவியின் அருமை அதனால் குறைந்துவிடாது; ஆனால் அதே நகரில் பிற சாதி இளம் விதவைக்கு அந்தக் கதவு கிடையாது.

1914 ஜூலையில் கடற்கரைச் சாலையில் கேப்பர் ஹவுஸ் என்ற பழைய மாளிகையில் மகளிர் கல்லூரி ஒன்றை அரசு திறந்தது. முதல்வர் டோரதி டி லா ஹே. மாணவிகள் 37 பேர். 1917இல் அது ராணி மேரிக் கல்லூரி ஆயிற்று. 1915இல் மகளிர் கிறித்தவக் கல்லூரி வந்தது. இதன் பிறகுதான் ‘முதல் பெண்’ என்று ஒருவரைத் தனியே சுட்ட முடியாத அளவுக்குப் பெண்கள் கூட்டமாகப் படிக்க வந்தார்கள். 2003இல் ராணி மேரிக் கல்லூரி இருக்குமிடத்தில் தலைமைச் செயலகம் கட்டும் திட்டம் வந்தபோது, மாணவிகள் வளாகத்தைவிட்டு வெளியேற மறுத்துப் போராடித் தங்கள் கல்லூரியைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

அந்தக் கல்லூரியின் தொடக்க கால மாணவி ஒருவர், தலச்சேரியில் 1897இல் பிறந்த இ.கே. ஜானகி அம்மாள். சகோதரிகள் ஒவ்வொருவராகத் திருமணமாகிப் போக, அவர் படிப்பைத் தேர்ந்தார். ராணி மேரியில் இளங்கலை, மாநிலக் கல்லூரியில் 1921இல் தாவரவியல் ஹானர்ஸ், பிறகு மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியர் வேலை. அங்கிருந்து பார்பர் உதவித்தொகை அவரை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனது. 1931இல் முனைவர் பட்டம்.

கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் 1934 முதல் அவர் செய்த வேலையைக் கிட்ட நின்று பார்த்தால்தான் அதன் அருமை விளங்கும். வேரின் நுனியை வெட்டி, பதப்படுத்தி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி நுண்ணோக்கிக்குக் கீழே வைக்க வேண்டும். பிரியும் நிலையிலிருக்கும் ஓர் உயிரணு கண்ணில் பட்டால், அதன் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். மனிதருக்கு 46 என்றால், கடித்துத் தின்னும் நாட்டுக் கரும்பில் 80. ஆற்றோரத்தில் வளரும் காட்டுக் கரும்பில் 40 முதல் 128 வரை. ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் அந்தக் குச்சிகளைப் பிழையில்லாமல் எண்ணுவதற்கு வேண்டியது முதலில் கண், பிறகு பொறுமை. கரும்பைச் சோளத்தோடும் மூங்கிலோடும் கலந்து பார்த்து, அந்தக் கலப்புச் செடிகளிலும் இதே எண்ணிக்கையைத் தொடர்ந்தார் ஜானகி அம்மாள்.

திருமணமாகாத, மேல்சாதியில் பிறக்காத பெண் விஞ்ஞானி ஒருவருக்கு ஆண் சகாக்கள் நடுவே வேலை எளிதாக இருக்கவில்லை. இங்கிலாந்து போனார். அங்கே சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து அவர் எழுதிய பயிர்த்தாவரக் குரோமோசோம் அட்லஸ் 1945இல் வெளிவந்தது. விஸ்லி தோட்டத்தில் அவர் வளர்த்த மக்னோலியா வகை ஒன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நேரு அழைத்துத் திரும்பி வந்து தாவரவியல் மதிப்பாய்வுத் துறையைச் சீரமைத்தார். முதுமையில் அவர் வந்தடைந்த இடம் மறுபடியும் சென்னைப் பல்கலைக்கழகம்: தாவரவியல் உயராய்வு மையமும் மதுரவாயலில் இருந்த அதன் கள ஆய்வகமும். எண்பது வயதைத் தாண்டியும் மூலிகைகளை வளர்த்து ஆராய்ந்துகொண்டே இருந்தார்; கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை அழிக்கும் மின்திட்டத்துக்கு எதிராகவும் குரல் கொடுத்தார். 1984 பிப்ரவரியில் அங்கேதான் உயிர் பிரிந்தது. இந்தப் பல்கலைக்கழகம் தன் பெண்களில் ஒருவரைத் திரும்ப அழைத்து இடம் கொடுத்து மரியாதை செய்ததற்கு இது அரிய உதாரணம்.

மரியாதை கிடைக்காத ஒரு கதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது. எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியும் அன்று சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததுதான். அங்கே வேதியியல் படித்து 1935இல் பட்டம் பெற்றார் புலையர் சமூகத்தைச் சேர்ந்த தாட்சாயணி. இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் தலித் பெண் அவர். அறிவியல் வகுப்பில் அவர் ஒருவரே பெண். செய்முறைப் பாடத்தில் ஆசிரியர் அவரைக் கருவிகளின் அருகே விடவில்லை என்று அவரைப் பற்றிய பதிவுகள் சொல்கின்றன. சோதனைக் குழாயைத் தொடாமல், எட்ட நின்று பார்த்துப் பார்த்தே வேதியியல் கற்றார்.

முத்துலட்சுமிக்கு நடுவே தொங்கியது துணித்திரை. கண்ணுக்குத் தெரியும், கழற்றவும் முடியும். தாட்சாயணிக்கும் ஆய்வக மேசைக்கும் நடுவே இருந்ததற்குத் துணி தேவைப்படவில்லை. பட்டம் தந்த பல்கலைக்கழகத்தின் ஏட்டில் இந்தத் தூரம் எங்கும் பதிவாகியிராது. அங்கே அவர் தேறினார் என்று மட்டும்தான் இருக்கும். பிறகு சென்னையில் ஆசிரியப் பயிற்சியும் முடித்தார். 1946இல் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது வயது 34. அந்தச் சபையில் இடம்பெற்ற ஒரே தலித் பெண் அவர்தான். தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு அரசியல் சட்டத்தில் ஏறிய சபையில், சோதனைக் குழாயைத் தொடவிடப்படாத அந்த மாணவி உறுப்பினராக அமர்ந்திருந்தார்.

கடைசியாக அன்னா மாணி. பீர்மேட்டில் 1918இல் பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டில் வைரத்தோடு தந்தபோது, அது வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்ட சிறுமி. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஹானர்ஸ் முடித்தார், மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஓராண்டு பாடம் எடுத்தார், 1940இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார்.

அணிய மறுத்த வைரங்களே அங்கே அவருக்கு ஆய்வுப்பொருள் ஆயின. வைரம் ஒளியை வாங்கி மெல்லிய ஒளியாகத் திருப்பித் தரும். அந்த ஒளி அவ்வளவு மங்கல் என்பதால், அதன் நிறமாலை புகைப்படத் தகட்டில் பதிய 15 முதல் 20 மணி நேரம்கூட ஆகும். தகட்டைப் பொருத்திவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. பல இரவுகள் ஆய்வுக்கூடத்திலேயே கழிந்தன. முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களை அப்படி ஆராய்ந்தார். 1942க்கும் 1945க்கும் இடையில் தனி ஆசிரியராக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945 ஆகஸ்டில் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். இந்திய அறிவியல் கழகத்தில் செய்த ஆய்வுக்கு அன்று பட்டம் வழங்கியது சென்னைதான்.

பட்டம் வரவில்லை. எம்.எஸ்சி. படித்திருக்கவில்லை என்பது பல்கலைக்கழகம் சொன்ன காரணம். ஹானர்ஸ் முடித்தவர், ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றவர், ஐந்து கட்டுரைகள் அச்சில் கண்டவர் என்பதெல்லாம் கணக்கில் வரவில்லை. விதி விதிதான் என்று வாதாடலாம். ஆனால் இதே பல்கலைக்கழகம் இன்னொரு பெண்ணுக்காக, அச்சான சொல்லையே பேனாவால் அடித்து மாற்றிக் கொடுத்ததும் கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில்தான். மனம் இருந்தபோது கையும் நகர்ந்திருக்கிறது.

அன்னா மாணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; முனைவர் பட்டம் இல்லாததால் தனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை என்றே சொன்னார். லண்டனில் வானிலைக் கருவியியல் கற்று, 1948இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து வந்த கருவிகளை இங்கேயே செய்யவைத்தார்; சூரியக் கதிர்வீச்சை அளக்க நாடு முழுவதும் நிலையங்கள் அமைத்தார்; துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வு பெற்றார். இந்தியச் சூரியக் கதிர்வீச்சு பற்றி 1980இலும் 1981இலும் அவர் தொகுத்தளித்த நூல்கள், சூரிய மின்சாரம் பற்றி யோசிப்பவர்களுக்கு அடிப்படைத் தரவாக நின்றன. 2001இல் திருவனந்தபுரத்தில் காலமானார்.

அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது அவருடைய பெருந்தன்மை. பல்கலைக்கழகத்தின் பொறுப்பு அதனால் தீர்ந்துவிடாது. அந்தப் பட்டத்தை இன்றைக்கும் வழங்கலாம், வழங்க வேண்டும் என்பது இந்த உரையின் நேரடியான கோரிக்கை. தேடி அலைய வேண்டிய ஆவணம் எதுவும் இல்லை. பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தின் நூலகத்தில், பட்டம் பெற்ற மற்ற மாணவர்களின் ஆய்வேடுகளோடு, அதே போல் பைண்டு செய்து அன்னா மாணியின் ஆய்வேடும் வைக்கப்பட்டிருக்கிறது. பட்டம் மட்டும் 1945இலிருந்து பாக்கி நிற்கிறது.